மன்னர் தடாகமும் மனைத் தடாகமும்



அநுராதபுரத்திலே திசாவாவியின் அணைக்குக் கீழே, இசுருமுனி விகாரைக்கு அண்மையில், பாறைகளும் மரநிழலும் சூழ்ந்த பழைய பூங்காவொன்று உண்டு. அதன் பெயர் ரன்மசு உயன. 'ரன்' என்பது பொன். 'மசு' என்பது மீன். 'உயன' என்பது பூங்கா. பொன்மீன் பூங்கா என்று நாம் தமிழிற் சொல்லிக்கொள்ளலாம். அங்கே கருங்கல்லாற் கட்டிய தடாகங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு தடாகத்தின் கரையிலுள்ள பாறையிலே, தாமரைகளுக்கிடையே நீர் விளையாடும் யானைகளைச் சிற்பி செதுக்கி வைத்திருக்கிறான். நீர் நிறைந்திருந்த காலத்தில் அந்த யானைகள் உண்மையாகவே தடாகத்தில் இறங்கி நிற்பன போலத் தோன்றியிருக்கும்.

அப்பூங்காவின் பொன்மீன் எந்த மீன்? இக்காலத்தில் நாம் கண்ணாடித் தொட்டியிற் காணும் தங்கமீன் சீன நாட்டவர் வளர்த்தெடுத்த இனம். மங்கல் நிறக் கெண்டை மீன்களுள் எப்போதாவது தோன்றும் பொன்னிறத்தனவற்றைப் பிரித்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். சொங் வமிசத்தார் காலத்தில் அது அரண்மனைக் கலையாயிற்று. ஐரோப்பாவுக்கு அது 17ஆம் நூற்றாண்டிலேதான் போய்ச் சேர்ந்தது. ஆகவே நம் மன்னர் கண்டது இந்நாட்டு ஓடைகளில் வாழும் சிறு மீனினங்களுள் ஒன்றாகவே இருக்கும் என்பது என் ஊகம். ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொள்வோம்.

ஊகமல்லாத செய்தி ஒன்றும் உண்டு. வெஸ்ஸகிரியிற் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, திசாவாவி நீர் ரன்மசு உயனவுக்குப் பயன்பட்ட பின்னர் இசுருமுனி விகாரையின் வயல்களுக்குப் பாயவேண்டும் என்று ஒழுங்கு செய்கிறது. அரசனின் கண்ணுக்கு விருந்தான நீர் அங்கேயே தேங்கிக் கெட்டுப்போகவில்லை, நெல்லுக்குப் போயிற்று. வறண்ட வலயத்திலே வாழ்ந்தவர்கள் தடாகம் கட்டியபோதும் தண்ணீர்க் கணக்கை மறந்தவர்களல்லர்.

அவர்களுடைய தொழில்நுட்பத்தைக் கண்ணாரக் காண விரும்புவோர் அபயகிரிப் பக்கத்திலுள்ள குட்டம் பொக்குணவுக்குச் செல்லவேண்டும். இரட்டைத் தடாகம் என்பது அதன் பொருள். பெரியது 132 அடி நீளம். சிறியது 91 அடி நீளம். அகலம் இரண்டுக்கும் 51 அடி. பெரியதன் ஆழம் 18 அடி. சிறியதன் ஆழம் 14 அடி. படிகளின் ஒழுங்கையும், பூரணகும்பங்களையும், ஐந்தலை நாகத்தையும் கண்டு மகிழ்ந்துவிட்டுத் திரும்புவோரே பலர். நான் முதன்முறை சென்றபோது அப்படித்தான் திரும்பினேன். இரண்டாம் முறை போன போதுதான், சிறிய தடாகத்தின் அருகே இருந்த, அழகு சற்றுமில்லாத ஒரு சிறு கற்றொட்டி என் கண்ணிற் பட்டது. நிலத்தடிக் குழாய் வழியாக வந்த நீர் முதலில் அத்தொட்டியில் விழுந்து தங்கும். அதிலுள்ள மண்ணும் வண்டலும் அடியிற் படியும். தெளிந்த நீர் மாத்திரமே மகரவாய் வழியாகத் தடாகத்தில் இறங்கும். என் மதிப்பில், அந்த இடத்திலே நாகத்தைக் காட்டிலும் வணங்கத்தக்கது அந்தத் தொட்டியே. தடாகங்களைத் தொல்பொருட் பகுதியினர் செப்பனிட்டபோது மீன், சங்கு, நண்டு, ஆடும் பெண் ஆகியவற்றின் சிற்றுருவங்கள் அடியிலிருந்து கண்டெடுக்கப்பட்டன.

சிகிரியாவை எல்லாரும் ஓவியங்களுக்காகவும் குன்றுக்காகவும் அறிவர். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்பன் அமைத்த நீர்ப்பூங்கா குன்றின் அடியில் மேற்குப் புறமாக விரிந்து கிடக்கிறது. அங்கே நீரூற்றுக்கள் உள்ளன. வட்டமான சுண்ணக்கற் பலகை. அதிலே ஒழுங்காக இட்ட துளைகள். கீழே நிலத்தடி வாய்க்கால். உயரத்திலே தேக்கிய நீர் தாழ்விடத்துக்கு வரும்போது தன் அமுக்கத்தினாலேயே துளைகளின் வழியாக மேலெழும். இயந்திரம் எதுவுமில்லை. அகழ்ந்து துப்புரவாக்கிச் சிறிது செப்பனிட்டதும் அவை மீண்டும் வேலை செய்தன. நல்ல மாரியில் இன்றும் அவற்றில் நீர் குமிழியிட்டெழுவதைக் காணலாம். அப்பூங்காவின் ஒரு பகுதியில், பெரிய குளங்களைப் போலன்றிச் சின்னஞ்சிறு தடாகங்களும் வளைந்தோடும் கால்வாய்களும் அகழ்வில் வெளிப்பட்டன. கூழாங்கல் பதித்த தளத்தின்மீது நீர் ஆழமின்றி மெல்ல நகர்ந்து செல்லும்படி அவற்றை அமைத்திருந்தார்கள். வீட்டு வளவிலே தடாகம் அமைக்க எண்ணும் நமக்கு ஏற்ற முன்மாதிரி அதுவே.

பொலனறுவையில் முதலாம் பராக்கிரமபாகு காலத்துத் தாமரைத் தடாகம் எட்டிதழ்த் தாமரையாய்ப் படிப்படியாகச் சுருங்கி இறங்குவது. யாழ்ப்பாணத்து நல்லூரிலே 'ப' என்னும் எழுத்தின் வடிவில் அமைந்த யமுனா ஏரியும் உண்டு. யமுனை நதியின் நீரைக் கொணர்ந்து அதிற் சொரிந்தார்கள் என்பது மரபு.

நிற்க. மன்னருக்கு ஆட்பலமும் கருங்கல்லும் இருந்தன. நாற்பதடி வளவுள்ள நாம் செய்யக்கூடியது யாது? நான் ஒரு தடாகம் கட்டினேன், பிழைவிட்டுக் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தையே சொல்கிறேன்.

முதற் பிழை இடத்தைப் பற்றியது. பலாமரத்து நிழல் குளிர்ச்சி தரும் என்றெண்ணி அதன் கீழே கிடங்கு வெட்டினேன். சருகு விழுந்து அழுகி நீர் கறுத்தது. வேர் சுவரை நெரித்தது. மரத்தை விட்டு விலகி, காலை வெயில் பட்டுப் பிற்பகலில் நிழல் விழும் இடமே நன்று. நிழல் போதாவிட்டால் ஆம்பற் கொடி தரும். நீர்ப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இலை மூடியிருந்தால் நீர் அதிகம் சூடேறாது; பாசியும் அடங்கியிருக்கும்.

ஆழத்தைப் பற்றி ஒரு சொல். மீன் சுவாசிக்கும் பிராணவாயு நீரின் மேற்பரப்பு வழியாகவே பெரும்பாலும் கரைகிறது. ஆதலால் ஒடுங்கி ஆழ்ந்த கிடங்கைக் காட்டிலும் பரந்த தடாகமே அதிக மீன்களைத் தாங்கும். இரண்டடி அல்லது இரண்டரையடி ஆழம் போதும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த ஆழமும் ஆபத்தே. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இரும்புக் கம்பி வலையைப் பதித்துவிடுதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் வெறும் கிடங்கு நீரைத் தாங்காது. ஒரே இரவில் உறிஞ்சிவிடும். நம் முன்னோர் களிமண்ணை மிதித்துக் குழைத்து அடித்தளம் அமைத்தார்கள். இக்காலத்தார் சீமெந்து பூசுகிறார்கள். என் இரண்டாம் பிழை இங்கேதான் நேர்ந்தது. சீமெந்து காய்ந்ததும் நீர் நிரப்பி, அன்று மாலையே பன்னிரண்டு தங்கமீன்களை விட்டேன். மறுநாட் காலையில் பன்னிரண்டும் வயிறு மேலாக மிதந்தன. என் மகள் அன்று என்னுடன் பேசவில்லை. புதிய சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரைக் காரமாக்குகிறது. மீனின் பூக்களை அது எரித்துவிடுகிறது. நீரை நிரப்பி ஒரு கிழமை விட்டு இறைத்து, மீண்டும் நிரப்பி இறைத்து, இவ்வாறு மூன்று நான்கு முறையாவது கழுவவேண்டும். குழாய் நீரானால் அதிலுள்ள குளோரின் அகல ஓரிரு நாள் வெயிலில் வைத்திருத்தல் வேண்டும்.

அதன்பின்னும் அவசரம் கூடாது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா அதற்கு நஞ்சு. அந்நஞ்சைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் சுவரிலும் படிந்து பெருகச் சில கிழமைகள் செல்லும். அதுவரை இரண்டு மூன்று மீன்களே போதும். தீனியையும் அவை உடனே தின்று முடிக்கும் அளவில் மாத்திரம் இடவேண்டும். அன்பினால் அள்ளிப் போடுவோர் கையில் இறக்கும் மீன்களே அதிகம்.

மாரியில் வளவு மண் அடித்து வந்து என் தடாகத்தைக் கலக்கியபோது குட்டம் பொக்குண நினைவுக்கு வந்தது. நீர் வரும் வாயிலே ஒரு சிறு தொட்டியைக் கட்டிப் பாதியளவு கூழாங்கல் நிரப்பினேன், கலங்கல் தீர்ந்தது. ஊற்றுக்கும் மின்விசை தேடவில்லை. கூரைமேலுள்ள தண்ணீர்த் தாங்கியிலிருந்து ஒடுங்கிய குழாயொன்றை இறக்கி, நுனியில் துளையிட்ட தகடு பொருத்தினேன். மாலையில் அரை மணி நேரம் திறந்துவிட்டால் ஒரு முழ உயரம் எழும். நிரம்பி வழியும் நீர் வாழைப் பாத்திக்குப் போகிறது.

அண்டை வீட்டார் என்னிடம் கேட்ட முதற் கேள்வி அழகைப் பற்றியதன்று; நுளம்பைப் பற்றியது. கேட்டது நியாயமே. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்து, ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாயின. அக்குட்டைகளில் அனோபிலிசு நுளம்பு பெருகிற்று. 1934-35இல் மலேரியாக் காய்ச்சல் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார தாபனம் இலங்கையை அறிவித்தது 2016ஆம் ஆண்டிலேயே. அடுத்த ஆண்டிலே டெங்குக் காய்ச்சல் 186,000 பேருக்கு மேல் வந்தது. டெங்கு நுளம்பு வீட்டைச் சுற்றியுள்ள தெளிந்த நீரிலே முட்டையிடுவது. மீனில்லாத தடாகம் அதற்குத் தொட்டில். மீனுள்ள தடாகமோ பொறி. கப்பி என்னும் சிறு மீன் புழுக்களைத் தேடித் தேடித் தின்னும். ஆகவே மீன் இறந்துபோனால், வேறு மீன் கிடைக்கும்வரை தடாகத்தை இறைத்து உலர விடுங்கள். மீனில்லாத தடாகம் ஒரு கிழமை நிறைந்திருப்பதும் பிழை.

எந்த மீன் வளர்க்கலாம்? 1950களின் தொடக்கத்தில் உணவுக்கென நம் குளங்களுக்குக் கொண்டுவந்த திலாப்பியா வேண்டாம். அது சிறு தடாகத்தில் வரம்பின்றிப் பெருகும். ஈரவலயக் காட்டோடைகளில் வாழும் செந்நிறச் சிறு கெண்டையைச் சிங்களத்தில் தித்தெயா என்பர். 1929இல் தெரணியகல அதனை உலகுக்கு விவரித்தார். இலங்கைக்கே உரிய இனம் அது. நிழலும் மெல்லிய நீரோட்டமும் அதற்கு வேண்டும். அழகு மீன் வாணிகத்துக்காக ஓடைகளில் வலைவீசி அள்ளியதனால் பல இடங்களில் அது அருகிவிட்டது. வாங்குவோர், பண்ணையில் வளர்த்ததா ஓடையிற் பிடித்ததா என்று விற்பவரிடம் கேட்டு, வளர்த்ததையே வாங்கவேண்டும். விலை சற்றுக் கூடும். வளர்த்த மீன் தொட்டி நீருக்குப் பழகியிருப்பதனால் முதற் கிழமையிற் சாவதும் குறைவு.