சணல் ஆலை சொன்ன கணக்கு

சில மாதங்களுக்கு முன் ஒரகடத்துச் சாலையோரத் தேநீர்க் கடையில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். பள்ளியில் கபடியாட்டத்தில் முன்னின்றவர். இன்று ஆலையொன்றில் திரையைப் பார்த்தபடி இயந்திரங்களைக் கண்காணிக்கிறார். நாற்பது வயது நிரம்புமுன் உடல் பருத்து, இரத்தத்தில் சர்க்கரையும் மிகுந்துவிட்டது. “ஐயா, எந்தப் பயிற்சிக்கு எத்தனை கலோரி கரையும்?” என்று வினவினார்.

ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கும் வெப்பமே உணவு நூலார் கூறும் கலோரி. அமெரிக்க அறிஞர் ஆட்வாட்டர் 1890-களில் மனிதரைத் தனியறையில் இருத்தி, ஓய்விலும் உழைப்பிலும் அவர் உடல் வெளியிடும் வெப்பத்தை அளந்தார். நம் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ஆய்க்ராய்டு என்பார் இந்திய உணவுகளின் சத்தை அளந்து 1937-இல் அட்டவணையாக வெளியிட்டார். வரவுக்கு அட்டவணை வந்தது போலவே, செலவுக்கும் 1993-இல் அமெரிக்க அறிஞர்கள் விரிவானதோர் அட்டவணை தொகுத்தனர்.

அதன்படி, 60 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் சும்மா அமர்ந்திருந்தாலே 30 கலோரி செலவாகும். மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 100. மிதிவண்டியை ஓரளவு விரைந்து மிதித்தால் 200. மணிக்கு 8 கிலோமீட்டர் ஓடினால் 240. நடையின் நூற்றில், அமர்ந்திருந்தாலும் செலவாகும் 30-ஐக் கழித்தால் நிற்பது 70. உடற்கொழுப்பில் ஒரு கிலோ குறைய ஏறக்குறைய 7,700 கலோரி வேண்டும் என்பது 1958-இல் விஷ்னாஃப்ஸ்கி என்பவர் தந்த கணக்கு. வகுத்துப் பார்த்தால் 110 நாள்! மாணவரின் முகம் வாடியது. வழியில் நாளொன்றுக்கு இரண்டு இட்டலி கூடுதலாக உண்டால் அந்த ஆதாயமும் போய்விடும்.

அப்படியானால் நடப்பது வீணா? அன்று. இதற்கு விடை, வங்காளத்துச் சணல் ஆலையொன்றில் கிடைத்தது. ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞர், இந்திய ஆய்வாளர் இருவருடன் சேர்ந்து, அங்கு 213 பேரின் உணவையும் எடையையும் உழைப்பையும் ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டார். கடைக்காரர், மேற்பார்வையாளர், எழுத்தர் முதல் சுமை தூக்குவோர் வரை அதில் இருந்தனர். கடினமாக உழைத்தவர் மிகுதியாக உண்டனர், எடை கூடவில்லை. அமர்ந்தே இருந்தவருக்குப் பசி குறைந்திருக்கும் என்றுதானே எண்ணுவோம்? குறையவில்லை. மிகுதியாக உண்டனர், பருத்திருந்தனர். ஓரளவேனும் உழைக்கும் உடலில்தான் பசி செலவுக்கு ஏற்ப நிற்கிறது என்றார் மேயர். ஓரிடத்து ஆய்வை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும் நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

ஏனெனில் அதே காட்சியை எம் வட்டாரத்திலும் காண்கிறேன். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் நிசான் ஆலை எழுந்தது. ஏரிப் பாசன வயலில் ஏர் பிடித்த தந்தையின் மகன் ஆலைப் பேருந்தில் ஏறிச் செல்கிறான். உழைப்பு மாறிவிட்டது, இலையில் விழும் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை.

“தம்பி, மருத்துவர் தந்த மருந்தை விடாதே. அதனோடு நாள்தோறும் நட. நடந்தேன் என்பதற்காகக் கூடுதலாக உண்ணாதே. உழைக்கும் தசை இரத்தத்துச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், எடை குறையுமுன்னரே அந்த நன்மை உண்டு” என்றேன்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து அவர் வீடு இரண்டரைக் கிலோமீட்டர். முன்பு மோட்டார் சைக்கிளில் சென்றவர், இப்போது ஏரிக்கரை வழியே நடந்து செல்கிறார். சென்ற வாரம் சந்தித்தபோது சொன்னார்: “நடப்பது எளிதாகிவிட்டது ஐயா, இரண்டாம் முறை சோறு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்வதுதான் கடினம்.”