ஏர்டிஷ் ஜெயித்த பந்தயம்

"நோய் எதுவும் இல்லாதவங்க, மூளை வேகமா ஓடணும்னு டாக்டர் சீட்டு மாத்திரையைப் போடலாமா?" இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஹங்கேரிக் கணித மேதை பால் ஏர்டிஷ்தான் ஞாபகத்துக்கு வருவார். சொந்த வீடு கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், நண்பர்கள் வீட்டில் தங்கி, சுமார் 1,500 ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய மனுஷன். (சென்னைக்கும் வந்திருக்கிறார். இங்கே உரையாற்றிக் கிடைத்த பணத்தை ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளுக்குக் கொடுத்துவிட்டார்.)

1971-ல் அவருடைய அம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டதுதான் பென்செட்ரின், ரிட்டாலின் பழக்கம். ஆரம்பம் துக்கமா, கணக்கா? பிரித்துச் சொல்வது கஷ்டம்.

கவலைப்பட்ட நண்பர் ரொனால்ட் கிரகாம் 1979-ல் 500 டாலர் பந்தயம் கட்டினார்: ஒரு மாசம் மாத்திரை இல்லாமல் இருக்கணும். ஏர்டிஷ் இருந்து காட்டினார். பணத்தை வாங்கிக்கொண்டு, "வெள்ளைத் தாளைப் பார்த்தா வெறும் வெள்ளைத் தாளாத்தான் தெரிஞ்சது, உன்னால கணிதமே ஒரு மாசம் பின்தங்கிப் போச்சு" என்கிற மாதிரி நண்பரைத் திட்டிவிட்டு, மறுபடி மாத்திரைக்கே போனார்.

இந்தக் கதையை மாத்திரைக்கு விளம்பரம் மாதிரி சொல்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. வருஷக்கணக்காகப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் மந்தமாகத்தானே இருக்கும்? அது மருந்துக்கு முந்தைய ஏர்டிஷ் இல்லை. முந்தைய ஏர்டிஷ் இருபது வயதுக்குள்ளேயே செபிஷேவ் தேற்றத்துக்கு எளிய நிரூபணம் கொடுத்தவர். பகா எண் தேற்றத்தில் அவர் செய்த வேலையும் 1949-லேயே வந்துவிட்டது.

சரி, இது ஏமாற்று வேலையா? ஓட்டப்பந்தயம் மாதிரி எதிராளி யாரும் இல்லை. நிரூபணம் சரி என்றால் சரிதான், என்ன சாப்பிட்டு எழுதினால் என்ன? பணயம் வைத்தது அவர் உடம்பை மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன்.

ஆனால் 1987-ல் பால் ஹாஃப்மன் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இந்த விஷயத்தை எழுதியபோது, ஏர்டிஷுக்கே பிடிக்கவில்லை. தகவல் தப்பு என்று அவர் சொல்லவில்லை. கணிதத்துக்கு வர நினைக்கும் பசங்க, மாத்திரை போட்டால்தான் ஜெயிக்க முடியும்னு நினைச்சிடக் கூடாதே என்பதுதான் அவர் வருத்தம்.

2008-ல் 'நேச்சர்' இதழ் தன் வாசகர்களிடம் கேட்டுப் பார்த்தது. பதில் சொன்ன சுமார் 1,400 பேரில் ஐந்தில் ஒருவர் இப்படி மருந்து எடுத்தவர். பள்ளிக்கூடத்தில் மற்ற குழந்தைகள் போட்டால் தங்கள் குழந்தைக்கும் கொடுக்கவேண்டிய நெருக்கடி வரும் என்றவர்கள், மூன்றில் ஒரு பங்கு.