திறவுகோல் யார் கையில்?

ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்தில் நீங்கள் ஒரு சிறு காலணிக் கடை நடத்துவதாகக் கொள்வோம். ஞாயிறன்று ஓய்வாக அமர்ந்து, வாரம் முழுவதற்குமான விளம்பரங்களை எழுதி, நாளும் நேரமும் குறித்து ஒரு மென்பொருளில் சேர்த்துவிடுகிறீர்கள். அவை குறித்த வேளையில் பல சமூக ஊடகத் தளங்களில் தாமே வெளியாகின்றன. ஒரு நாள், ஒரு தளத்தில் மட்டும் எதுவும் வெளியாகவில்லை. மென்பொருளில் பழுதில்லை, கடவுச்சொல்லும் சரியே. பின் என்ன நேர்ந்தது?

இதற்கு விடை சற்றுப் பின்னால் இருக்கிறது. 2006-இல் தோன்றிய ட்விட்டர், அதே ஆண்டில், பிறர் எழுதும் மென்பொருள்கள் தன்னோடு தொடர்பு கொள்ள ஒரு வாயிலைத் திறந்தது. இதற்கு ஏ.பி.ஐ. என்று பெயர். நீங்கள் ஒருமுறை ஒப்புதல் தந்தால், தளம் மென்பொருளுக்கு ஓர் அனுமதிச் சீட்டு வழங்கும். நேரம் வந்ததும் மென்பொருள் அச்சீட்டைக் காட்டி, உங்கள் பதிவை உள்ளே சேர்க்கும். கனடாவின் ஹூட்சூட் (2008), இங்கிலாந்தில் தோன்றிய பஃபர் (2010), சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் ஸோஹோ சோஷியல் ஆகியவை இவ்வாறு இயங்குபவையே. சீட்டை வழங்குபவர் அதைத் திரும்பப் பெறவும் கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

2018-இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தது. பயனர் தகவல்கள் கசிந்ததால் கண்டனத்துக்குள்ளான ஃபேஸ்புக் தன் விதிகளை இறுக்கியது. ஆகஸ்டு 1 முதல் தனிநபர் பக்கங்களில் வெளி மென்பொருள்கள் பதிவிட இயலாமற் போயிற்று. 2019 ஏப்ரல் 2-இல் கூகுள் பிளஸ் பொதுமக்களுக்கான சேவையை நிறுத்திக்கொண்டது. வீடே இல்லையெனில் வாசல் ஏது? 2020 ஜூன் 29-இல் இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது.

2023-இல் ட்விட்டர் தன் வாயிலுக்குப் புதிய கட்டணமும் வரம்பும் விதித்தது. இம்முறை தடைப்பட்டவை விளம்பரங்கள் மட்டுமல்ல. அலாஸ்காவிலுள்ள அமெரிக்கச் சுனாமி எச்சரிக்கை மையம், தன் எச்சரிக்கைகள் அனைத்தையும் இனி ட்விட்டரில் வெளியிட இயலாதென ஏப்ரலில் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்த பின், மே மாதத்தில் இத்தகைய பொதுநல அறிவிப்புகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட தமிழகத்துக்கு, ஓர் எச்சரிக்கை தாமதமானால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே வாயிலை நம்பியிருப்பதன் இடரை வேலூர், ஆம்பூர் வட்டாரம் முன்பே அறியும். பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்து வந்த தொழில் இது. 1973-இல் அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. தோலும் கைத்திறனும் தம்மிடமே இருந்ததால், இவ்வட்டாரத்தார் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் காலணிக்கும் மாற முடிந்தது.

உங்கள் பதிவுகளுக்கும் இது பொருந்தும். எழுதியவற்றின் படிகளையும், வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான செய்தியை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் அனுப்புங்கள். வாயில் பிறருடையது, சரக்காவது நம்முடையதாக இருக்கட்டும்.