விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் வங்கிக் கணக்கு

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்கள் வணிகத்தாலும், தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களாலும் பெயர் பெற்றவை. ஆனால் இவ்வூர்களில் பணம் புழங்கிய அளவுக்குத் தனி மனிதர் பெயரில் வங்கிக் கணக்கு புழங்கவில்லை. முதலில் சமூகத்துக்குப் பொதுப்பணம் இருந்தது. பின்னர் கடைக்கும் ஆலைக்கும் கணக்கு வந்தது. ஆலையில் கூலி வாங்கியவரின் பெயருக்கு அது வந்து சேர நீண்ட காலம் ஆயிற்று.

மகமை

19ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் சரக்கு கொண்டுவந்த நாடார் வணிகர்கள், வண்டிகளையும் மாடுகளையும் சரக்கையும் காக்க மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். அவற்றைப் பயன்படுத்தியவர்கள் செலுத்திய பங்கும், கடைக்காரர்கள் விற்பனையில் ஒதுக்கிய சிறு பகுதியும் சேர்ந்து ‘மகமை’ ஆயிற்று. உறவின்முறை அமைப்பு அதை நிர்வகித்தது. கோயில், கிணறு, வழக்குச் செலவு, பள்ளி என்று பணம் பொதுக் காரியங்களுக்குச் சென்றது. 1889இல் விருதுநகரில் (அப்போது விருதுபட்டி) தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை மகமைப் பணத்தில் வளர்ந்தது. வீடுதோறும் சமைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசியும் அப்பள்ளிக்குப் போயிற்று. காமராசர் படித்தது அங்கேதான்.

மகமை வங்கி அன்று. கொடுத்தவர் தம் பங்கைத் திரும்பக் கேட்க முடியாது, அவர் பெயரில் இருப்பு என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் வருமானத்தில் ஒரு பங்கைத் தவறாமல் ஒதுக்குவதும், பொதுப்பணத்துக்குக் கணக்கு எழுதுவதும் இங்கே பழக்கமானதற்கு மகமையே முதற்காரணம் எனலாம்.

யாருடைய வங்கி?

1843இல் தொடங்கிய மெட்ராஸ் வங்கி, அரசின் பணத்தையும் பெரிய வணிக நிறுவனங்களின் கணக்குகளையும் கவனித்தது. சிறு வணிகருக்குக் கடன் தந்தவர்கள் நகரத்தார்களும் உள்ளூர் வட்டிக்கடைக்காரர்களுமே. 1906இல் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலாகிப் பலருடைய சேமிப்பு அழிந்தது. மறு ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது. கும்பகோணத்திலும் கரூரிலும் உள்ளூர் வணிகர்களின் வங்கிகள் தோன்றிய காலம் அது.

மெட்ராஸ் வங்கி மற்ற இரு மாகாண வங்கிகளுடன் இணைந்து இம்பீரியல் வங்கியான 1921ஆம் ஆண்டிலேயே, தூத்துக்குடியில் நாடார் வங்கி பதிவு செய்யப்பட்டது. 1910இல் உருவான நாடார் மகாஜன சங்கத்தில் எழுந்த யோசனையின் விளைவு அது. நவம்பர் 11 அன்று வங்கி செயல்படத் தொடங்கியது. வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. நாடு விடுதலை பெற்றபோது தூத்துக்குடி, மதுரை, சிவகாசி, விருதுநகர் ஆகிய நான்கு ஊர்களில்தான் கிளைகள் இருந்தன. நான்கில் இரண்டு இந்த வட்டாரத்தில் அமைந்தது தற்செயல் அன்று. 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பின், சிவகாசிக்கு முதலீடு தேவைப்பட்டது. 1962இல் வங்கியின் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என மாறியது.

அக்காலத்தில் கணக்கு தொடங்க விரும்பியவர் வட்டி விகிதத்தைப் பார்ப்பதற்கு முன், இயக்குநர்கள் யார் என்று பார்த்தார். அதற்குக் காரணம் உண்டு. சென்னை மாகாணத்திலும் கிளைகள் வைத்திருந்த திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி 1938இல் மூடப்பட்டது. 1960இல் பாலா சென்ட்ரல் வங்கி விழுந்தது. வைப்புக் காப்பீடு 1962இல்தான் வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை மட்டுமே பாதுகாப்பு. இன்று அது 5 லட்சம். காப்பீடு இல்லாத காலத்தில் எந்த வங்கி என்ற கேள்வி, யாருடைய வங்கி என்ற கேள்வியாகவே இருந்தது. தெரிந்த முகங்களின் வங்கியை மக்கள் நாடியதைச் சாதிப் பற்று என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

அறிமுகக் கையெழுத்து

வங்கியும் வாடிக்கையாளரிடம் இதே கேள்வியைக் கேட்டது. கணக்கு தொடங்க, ஏற்கெனவே அங்கே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். திருட்டுக் காசோலையை ஒருவர் புதுக் கணக்கில் போட்டுப் பணமாக்கினால், வங்கி கவனக்குறைவாக இருக்கவில்லை என்று காட்டினால்தான் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அதைக் காக்கும். அறிமுகம் அதற்கான சான்று.

வணிகருக்கு இது எளிது, பக்கத்துக் கடைக்காரரே போதும். தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்கு? அவரைச் சுற்றியிருந்தவர்களும் கணக்கு இல்லாதவர்களே. கணக்கு வைத்திருந்தவர் பெரும்பாலும் முதலாளி அல்லது ஏஜெண்டு, அதாவது அவர் முன்பணம் வாங்கியிருந்த ஆள். வேலை அளவுக்கேற்ற கூலி, சனிக்கிழமை ரொக்கம், அதில் முன்பணப் பிடித்தம் என்ற முறையில் வங்கியில் போட மிச்சமும் குறைவு. 1882 முதல் இருந்த அஞ்சலகச் சேமிப்பும், தெருவில் நடந்த சீட்டும்தான் கைக்கு எட்டின. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பின் கிளைகள் பெருகின, அறிமுகக் கையெழுத்து மாறவில்லை.

1989இல் தருமபுரியில் தொடங்கி, 1990களின் இறுதியில் மாநிலம் முழுவதும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்தன. குழுவின் பெயரில் ஒரே கணக்கு, பொறுப்பாளர்களின் கூட்டுக் கையெழுத்து. வணிகர்களுக்கு மகமை செய்ததைப் போல, பெண்களுக்கும் பொதுப்பணமே முதல் படியாயிற்று.

2005இல் ரிசர்வ் வங்கி, இருப்புத்தொகை இல்லாத எளிய கணக்குகளைத் தொடங்கச் சொன்னது. அடையாள விதிகளும் தளர்ந்தன. 2014இல் ஜன்தன் திட்டம் வந்தது. ஆனால் ரொக்கக் கூலியை உண்மையில் உலுக்கியது 2016 நவம்பர் 8இன் பணமதிப்பிழப்புதான். வாரக் கூலிக்கு நோட்டு கிடைக்காத நிலையில், தொழிலாளர் கணக்கு எண் திடீரென்று தேவைப்பட்டது. 2017ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் திருத்தம், தொழிலாளியின் எழுத்துச் சம்மதம் இல்லாமலே வங்கி வழியாகக் கூலி தர இடம் கொடுத்தது. 2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1,000 ரூபாய், பெண்ணின் சொந்தக் கணக்குக்கே வருகிறது. அதில் முன்பணப் பிடித்தம் இல்லை.

வெடி விபத்துகள் நிகழும் இந்த வட்டாரத்தில், விண்ணப்பத்தின் நியமனதாரர் பகுதிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1985 முதல் வைப்புக் கணக்குக்கு நியமனதாரரைக் குறிப்பிடலாம். அந்த இடம் வெறுமையாக இருந்தால், இறந்தவரின் குடும்பம் வாரிசுச் சான்றுக்காக அலைய நேரிடும். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்லர், வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கும். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம்.