போத்தனூர்: கோவைக்கு முந்திய நிலையம்

கோவை வட்டாரத்தின் இருப்புப்பாதை வரலாறு கோயம்புத்தூர் நகரத்தில் தொடங்கவில்லை. நொய்யலாற்றுக்குத் தெற்கே, குறிச்சிக்கும் வெள்ளலூருக்கும் அருகில் அமைந்த போத்தனூரில்தான் தொடங்குகிறது. இன்று மாநகரின் ஒரு பகுதியாக மட்டுமே அறியப்படும் இவ்வூர், பல பத்தாண்டுக் காலம் முதன்மைப் பாதையின் சந்திப்பாகவும், கோயம்புத்தூர் அதிலிருந்து பிரிந்த கிளைப்பாதையின் நிலையமாகவும் இருந்தமையை நகர வரலாறுகள் போதிய அளவு கருதிப் பார்த்ததில்லை.

சென்னையையும் மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூர்த் துறையையும் இணைக்கும் திட்டத்தைச் சென்னை இரயில்வே நிறுவனம் மேற்கொண்டது. பங்குதாரர் இட்ட முதலுக்குப் பெரும்பாலும் 5 விழுக்காடு வட்டி கிடைக்கும் என்று அரசு பொறுப்பேற்று, வருவாய் குறைந்தால் எஞ்சியதைப் பொதுப்பணத்திலிருந்து ஈடுசெய்யும் 'உத்தரவாத முறை'யில் இயங்கிய நிறுவனம் அது. இழப்பு வரியிறுப்போரையே சேரும் என்பதால், இந்த ஏற்பாடு இலண்டன் முதலீட்டாளருக்கே மிகவும் உகந்ததாக இருந்தது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே முதல் வண்டி ஓடிய பின்னர், பாதை சேலம், சங்ககிரி, ஈரோடு வழியாக மேற்கு நோக்கி நீண்டது. பேப்பூரிலிருந்து கிழக்கு நோக்கி வந்த பகுதியும் அதுவும் 1862இல் போத்தனூரில் இணைந்தன.

இவ்விடம் தேர்வானதற்கு நிலவமைப்பே காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுரங்கம் குடையாமல் கடக்கத்தக்க பெருவழி பாலக்காட்டுக் கணவாய்; கோயம்புத்தூருக்குக் கிழக்கேயுள்ள இருகூரிலிருந்து அதனை நோக்கிச் செல்லும் பாதை கோயம்புத்தூரைத் தொட வேண்டுமாயின் வடமேற்கே வளைந்தாக வேண்டியிருந்தது. கணவாய் வழியின் பழமைக்கு வெள்ளலூரே சான்று: 1842ஆம் ஆண்டிலும் பின்னரும் அங்கு அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. பொறியாளர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாகக் கருதப்படும் வழி, வணிகர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்து பழகிய வழியேயாகும்.

1873இல் போத்தனூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டதும் இவ்வூரின் நிலை உயர்ந்தது. நீலகிரிக்குச் செல்வோர் முதன்மைப் பாதையை விட்டுத் திரும்பிய இடம் போத்தனூர். 1899இல் குன்னூர் வரை மலை இரயில் ஓடத் தொடங்கிய பின்னர் அந்தப் போக்குவரத்து மேலும் பெருகியது.

நீராவி இயந்திரத்துக்கு இடையிடையே தண்ணீரும் எரிபொருளும் வேண்டும். கொதிகலனின் அடுப்பிலிருந்து சாம்பலை வாரியாக வேண்டும். ஓட்டுநரும் அடுப்பில் எரிபொருள் இடுபவரும் மாறியாக வேண்டும். இத்தேவைகளுக்காகவே குடியிருப்பு எழுந்தது. ஓட்டுநர், கார்டு முதலிய பணிகளில் பெரும்பங்கு ஆங்கிலோ-இந்தியருக்குக் கிடைத்தமையால், ஓட்டு வீடுகளும் தேவாலயமும், 'இன்ஸ்டிட்யூட்' எனப்பட்ட பொழுதுபோக்கு மன்றமும் கொண்ட இரயில்வே காலனி உருவாயிற்று. பதவிக்குத் தக்கவாறு வீட்டின் அளவும் மாறியது. பாதையைப் பராமரித்த கேங்மேன்களுக்கு வாய்த்தவை சிறிய வரிசை வீடுகளே. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்புகளைச் சரிபார்ப்பதற்கென்று அமர்த்தப்பட்ட 'கீமேன்' நாள்தோறும் சுத்தியலைத் தோளில் சாய்த்துத் தம் பகுதி முழுவதும் நடந்து, தளர்ந்த ஆப்பைத் தட்டி இறுக்கிவிட்டுத் திரும்புவார். கைகாட்டி மரத்தின் உச்சியிலிருந்த மண்ணெண்ணெய் விளக்கை மாலைதோறும் ஏணியேறி ஏற்றுவது விளக்குக்காரரின் பொறுப்பு. வண்டி தடம் புரளாமல் ஓடியது இவர்களால்தான் என்றாலும், நினைவுக் குறிப்புகளில் இடம்பெறுவது பெரும்பாலும் காலனியின் நடன விருந்துகளே.

1908இல் சென்னை இரயில்வே நிறுவனத்தின் இந்தப் பாதை தென்னிந்திய இரயில்வேயின் கைக்கு மாறிற்று. 1915இல் பொள்ளாச்சிக்கு மீட்டர் பாதை அமைந்தபோது போத்தனூரில் இரு அளவுப் பாதைகள் சந்தித்தன. ஐந்தடி ஆறங்குல அகலப் பாதையில் ஓடும் வண்டி மீட்டர் பாதையில் ஓடாது. ஆகவே ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி அடுத்ததில் ஏற்ற வேண்டியிருந்தது. நிறுவனத்துக்கு வீண்செலவாகத் தோன்றிய இந்த மாற்று வேலை, சுற்றூர்ச் சுமைக்கூலிகளுக்கு வேலை தந்தது.

இவ்வூரின் பெயர் துயரத்தோடும் இணைந்துள்ளது. மலபாரில் நடந்த மாப்பிள்ளைக் கிளர்ச்சியின் கைதிகளைத் திரூரிலிருந்து அடைத்து வந்த சரக்குப் பெட்டி 1921 நவம்பரில் இந்நிலையத்தில் திறக்கப்பட்டபோது, மூச்சுத் திணறி மாண்டவர்கள் உள்ளே கிடந்தனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்தால் தொகை அறுபதைக் கடந்தது. இருப்புப்பாதையை முன்னேற்றமாக மட்டுமே எழுதுவது முறையன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதும்.

இருகூரிலிருந்து கோயம்புத்தூருக்கு நேர்ப்பாதை அமைந்த பின்னர் முதன்மை வண்டிகள் படிப்படியாக நகர வழியே சென்றன. 1956இல் இரயில்வே கோட்டத் தலைமையிடம் போத்தனூரிலிருந்து பாலக்காட்டின் ஒலவக்கோட்டுக்கு மாற்றப்பட்டது. 2007இல் சேலம் கோட்டம் உருவானபோது கோயம்புத்தூர் அதில் சேர்ந்தது, போத்தனூர் பாலக்காட்டுக் கோட்டத்திலேயே நீடித்தது.