லோயிஸ் என்னும் பெயர்: ஒரு மிஷனரிக் குடும்பமும் சாதியும்



நாம் கூடியிருக்கும் திருவான்மியூருக்கு அடுத்துள்ள பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி இருக்கிறது. 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளியாகத் தொடங்கியது. கடல் கடந்து வந்த கர்னல் ஆல்காட்டின் பெயர் நமக்குத் தெரியும். அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க முதலில் துணிந்த சேரித் தாய் தந்தையரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வந்தவரின் பெயர் கல்லில் நிற்கிறது, அழைத்தவரின் பெயர் காற்றில் போய்விடுகிறது. இந்தப் பழக்கத்துக்கு இன்னும் பழைய சான்று ஒன்றைத் தென்கோடியிலிருந்து, இன்றைய குமரி மாவட்டத்திலிருந்து, எடுத்துப் பேச விரும்புகிறேன்.

அப்போது அது திருவிதாங்கூர் அரசின் பகுதி. தலைவரியும் ஊழியமும் அடிமை முறையும் நடப்பில் இருந்த நாடு. யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் எதை உடுத்தலாம் என்பதைச் சாதி வகுத்திருந்தது. அங்கே மயிலாடியில் பிறந்தவர் மகராசன் வேதமாணிக்கம். சாம்பவர், அதாவது பறையர் குலத்தவர். அவர் தஞ்சாவூர் வரை சென்று கிறித்தவராகித் திரும்பினார். தன் ஊருக்கு ஒரு போதகர் வேண்டுமென்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 1806இல் ரிங்கல்தௌபே வந்தார். 1816இல் அவர் நாட்டை விட்டுப் போனபோது சபைகளைக் காத்தவரும் வேதமாணிக்கமே. ஆகவே அடுத்து வந்த மிஷனரிகள் வெறுங்காட்டில் இறங்கவில்லை. ஒரு சாம்பவர் கட்டி வைத்திருந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

அப்படி நுழைந்தவர் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்லஸ் மீட். இங்கிலாந்திலிருந்து மனைவியோடு புறப்பட்டவர். 1818 ஜனவரியில் அவர் குளச்சலில் கரையிறங்குவதற்கு முன்பே மனைவி இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு ஜோகன்னா என்பவரை மணந்தார். தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஹார்ஸ்ட் என்ற மிஷனரியின் மகள் அவர். அதே 1819இல் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியரும் நாகர்கோவில் வந்து சேர்ந்தார்கள்.

புதிய நாட்டுக்கு இவர்கள் பழகிய கதையைச் சபை வரலாறுகள் விரிவாகச் சொல்லும். வெயில், காய்ச்சல், மொழி, பிள்ளைகளின் சாவு என்று போகும் அந்தக் கதை பொய்யில்லை. ஆனால் அவர்கள் பழக வேண்டியிருந்த பெரிய விஷயம் சாதி. அதோடு எப்படி உறவு வைத்துக்கொள்வது என்பதுதான் ஒவ்வொரு நாளும் அவர்கள் முன் நின்ற கேள்வி.

அவர்கள் செய்ததை மறுக்கக் கூடாது. நாகர்கோவிலில் 1819இல் செமினரி, 1820இல் அச்சகம், பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி ஆகியவை வந்தன. மார்த்தா கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலில் கூலி கிடைத்தது. அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய அடிமைப் பெண்களும் உண்டு. ஜோகன்னா வடிவமைத்ததாகச் சொல்லப்படும் தொளதொள மேற்சட்டை, குப்பாயம், தெருவில் கலவரத்தை உண்டாக்கியது. 1820களில் தொடங்கிய அந்தத் தோள்சீலைப் போராட்டம் 1859 அரசாணை வரை நீண்டது.

அந்த ஆணையிலும் ஒரு வரம்பு இருந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது. புலையர் பெண்கள் அடிமைச் சின்னமான கல்மாலையை அறுத்தெறிந்து ரவிக்கை போட 1915இல் அய்யன்காளியின் தலைமையில் பெரிநாட்டில் தனியாகப் போராட வேண்டியிருந்தது. ஒரு படி ஏறியவர்களின் வெற்றியை எல்லோருடைய வெற்றியாக எழுதுவது நம் வரலாற்றெழுத்தில் இருக்கும் இன்னொரு பழக்கம்.

இனி மீட் வீட்டுக்குத் திரும்புவோம். ஜோகன்னா இறந்த பிறகு, 1852இல், மீட் மூன்றாம் முறையாக மணம் செய்துகொண்டார். மணப்பெண் லோயிஸ். மிஷனில் பணியாற்றிய தேவவரம் என்ற முன்ஷியின் மகள். பறையர் குலத்தில் பிறந்த கிறித்தவப் பெண். மீட் முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த மக்களிடையே உழைத்தவர். அடிமை முறைக்கு எதிராகவும் பெண்களின் உடைக்காகவும் அவரோடு நின்ற சக மிஷனரிகள் இந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. எதிர்ப்பு முற்றியது, மீட் சங்கத்தை விட்டு வெளியேறினார்.

மீட் அப்போது அறுபதைத் தொட்டவர், லோயிஸ் மிகவும் இளையவர். அந்த ஏற்றத்தாழ்வையும் நாம் பார்க்க வேண்டும். வெள்ளைப் போதகருக்குத் தன் கீழ் வேலை செய்பவரின் மகளைக் கேட்கும்போது, மறுக்கும் உரிமை அந்த வீட்டில் எவ்வளவு இருந்திருக்கும்? இதைக் காதல் காவியமாக்கி மீட்டை வீரராக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் மூத்த மிஷனரி ஒருவர் இளம் ஐரோப்பியப் பெண்ணை மணந்திருந்தால் ஊழியத்தை இழந்திருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். பறையர் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தரலாம், ஞானஸ்நானம் தரலாம். அந்த வீட்டுப் பெண் மிஷன் பங்களாவில் ‘மிசஸ் மீட்’ என்று உட்காரும்போது மட்டும் சகோதரத்துவம் நின்றுவிட்டது. நிறவெறியும் சாதியும் ஒரே வாசலில் காவல் நின்றன. மணத்தில்தான் சாதி உயிர் வாழ்கிறது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். 1852இல் நடந்த இந்தத் திருமணம் அதற்கு ஓர் உதாரணம்.

மீட்டுக்குப் பிறகும் வாழ்க்கை இருந்தது. திருவிதாங்கூர் அரசு அவரைப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக்கியது. 1873இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். அவரைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது, இனியும் எழுதுவார்கள். லோயிஸ் அந்த வீட்டில் என்ன மொழி பேசினார், பழைய தோழிகள் அவரை எப்படி அழைத்தார்கள், கோயிலில் எந்த வரிசையில் உட்கார்ந்தார்? புத்தகங்கள் கணவரின் பக்கத்தில் ஒரு வரியாக மட்டும் அவரை வைத்திருக்கின்றன. புதிய நாட்டுக்குப் பழகியது மீட் மட்டுமா? தன் சொந்த மண்ணில் நின்றபடியே அந்நியமான ஒரு வீட்டுக்குப் பழகியவர் லோயிஸ். அந்தப் பாட்டை அளக்க நம்மிடம் இன்னும் கோல் இல்லை.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். மிஷனரி ஆவணங்களைப் படிக்கும்போது கையெழுத்துப் போட்டவரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவருக்கு மொழி சொல்லிக் கொடுத்த முன்ஷியைத் தேடுங்கள். சமைத்தவர், பிள்ளை வளர்த்தவர், லேஸ் பின்னியவர் யாரென்று தேடுங்கள். சபைப் பதிவேடுகளில் திருமண, ஞானஸ்நானப் பக்கங்களைப் புரட்டுங்கள். வேதமாணிக்கம் முதலில் வரட்டும், மீட் பிறகு வரட்டும். தேவவரத்தின் மகள் லோயிஸ் அடிக்குறிப்பிலிருந்து எழுந்து பக்கத்தின் நடுவுக்கு வரட்டும். நினைவுச் சொற்பொழிவு என்று நாம் கூடுவதே இதற்காகத்தான்.

ஜெய்பீம்.