டெசிக்ரேஷன்

அமெரிக்காவில் கொடி எரிப்பு விவாதம் கிளம்பும்போதெல்லாம் அடிபடும் சொல். ‘புனிதமான’ என்று பொருள்படும் ‘சாக்கர்’ என்ற லத்தீன் சொல்லே வேர். ‘கான்சிக்ரேட்’ என்றால் புனிதமாக்குவது; அதன் முன்னொட்டைக் கழற்றி ‘டி’ சேர்த்தால் புனிதம் கெடுப்பது. ஆலயத்துக்கும் கல்லறைக்கும் பொருந்தும் சொல் துணிக்கு எப்படி வந்தது? 1980களில் இருந்த டெக்சாஸ் சட்டத்தைப் பாருங்கள்: பொது நினைவுச்சின்னம், வழிபாட்டிடம் அல்லது கல்லறை, அடுத்து கொடி. ஒரே பட்டியல்!

1984இல் டல்லஸில் கொடியை எரித்த கிரிகரி லீ ஜான்சனுக்கு இந்தச் சட்டப்படி ஓராண்டு சிறை, 2,000 டாலர் அபராதம். 1989இல் உச்ச நீதிமன்றம், அது கருத்துரிமைக்குள் அடங்கும் என்று 5-4 என்ற கணக்கில் கூறி, தண்டனை செல்லாது என்பதை உறுதி செய்தது. இதே சொல்லைத் தாங்கிய அரசியல் சட்டத் திருத்தம் 2006இல் செனட்டில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது.

நம் நாளிதழ்கள் ‘கொடி அவமதிப்பு’ என்று எழுதுகின்றன. இந்தியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவமதிப்பைத்தான் பேசுகிறது. அங்கே அது சரி. அமெரிக்கச் செய்திக்கு ‘புனிதக் கேடு’ என்பதே பொருத்தம்.